விரிதாளில் தேதிகளை ஒப்பிடுவது எப்படி: பில் கெடுவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் அமர்ந்திருப்பவருக்கு மாதந்தோறும் நூல்காரர், சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல் ஜாப் ஒர்க் என்று இருபது முப்பது பார்ட்டிகளிடமிருந்து பில்கள் வந்து சேரும். எந்தப் பில்லுக்குக் கெடு முடிந்துவிட்டது, எதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, எது தாமதமாகத் தீர்க்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் விரிதாளில் விடை காண, இரண்டு தேதிகளை ஒப்பிடத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த ஒப்பீடு தவறாகிப் போகும்போது விரிதாள் பெரும்பாலும் பிழைச் செய்தி எதையும் காட்டுவதில்லை. தவறான விடையைச் சரியான விடையைப் போலவே காட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடும். ஆகவே கெடு கடந்த வரிசைகளுக்கு வண்ணமிடும் வேலைக்குப் போவதற்கு முன், செல்லில் இருப்பது உண்மையிலேயே தேதிதானா என்று உறுதிசெய்வதற்கே இவ்வழிகாட்டியில் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் எக்செலை ஒட்டியவை. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் சூத்திரங்கள் ஏறக்குறைய அப்படியே வேலை செய்யும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். சார்புகளின் (ஃபங்ஷன்) பெயர்களையும் நெடுவரிசை எழுத்துகளையும் இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

தேதி எவ்வாறு சேமிக்கப்படுகிறது

விரிதாளுக்குத் தேதி என்பது ஓர் எண். எக்செல் 1900 ஜனவரி 1ஆம் நாளை 1 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கில் 2025 ஜனவரி 1 என்பது 45658. 2025 பிப்ரவரி 28 என்பது 45716. ஒரு தேதிச் செல்லைத் தேர்ந்தெடுத்து அதன் வடிவத்தை 'ஜெனரல்' என்று மாற்றினால் இந்த எண் வெளிப்படும். நேரம் அந்த எண்ணின் பின்னப் பகுதியாக இருக்கும். நண்பகல் 12 மணி என்பது 0.5.

இதனால்தான் தேதியோடு 45ஐக் கூட்டினால் 45 நாட்களுக்குப் பிந்தைய தேதி கிடைக்கிறது. ஒரு தேதியிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இடைப்பட்ட நாட்கள் கிடைக்கின்றன. கழித்த விடை 45 என்று வராமல் '14-02-1900' என்று வந்தால் பதற வேண்டாம். அந்தச் செல் தேதி வடிவத்தில் இருப்பதால் 45 என்ற எண் 1900ஆம் ஆண்டின் 45ஆம் நாளாகக் காட்டப்படுகிறது. வடிவத்தை 'நம்பர்' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக, லீப் ஆண்டாக இல்லாத 1900க்கும் பிப்ரவரி 29 உண்டு என்று எக்செல் இன்றுவரை கணக்கிட்டு வருகிறது. கூகுள் ஷீட்ஸ் 1899 டிசம்பர் 30ஐப் பூஜ்யமாகக் கொள்கிறது. இரண்டின் எண்களும் 1900 மார்ச் 1 முதல் ஒன்றாகிவிடுகின்றன என்பதால் நம் பில்களுக்கு இதனால் பாதிப்பில்லை. பழைய மேக் கணினிக் கோப்புகளில் மட்டும் 1904ஆம் ஆண்டிலிருந்து எண்ணும் முறை இருக்கக்கூடும். அவற்றிலிருந்து ஒட்டப்பட்ட தேதிகள் 1462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளி நிற்கும்.

முதல் படி: தாளை அமைத்தல்

முதல் வரிசையில் தலைப்புகளை இடுங்கள். ஏ நெடுவரிசையில் பார்ட்டி பெயர், பி-யில் பில் எண், சி-யில் சரக்கு ஏற்ற தேதி, டி-யில் கெடு நாட்கள், ஈ-யில் கெடு தேதி, எஃப்-இல் பணம் செலுத்திய தேதி, ஜி-யில் நிலை. தரவு 2ஆம் வரிசையில் தொடங்கி 500ஆம் வரிசை வரை போகிறது என்று கொள்வோம்.

சி-யில் பில் தேதிக்குப் பதிலாகச் சரக்கு ஏற்ற தேதியை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து சரக்கோ சேவையோ பெறுபவர், ஒப்புக்கொண்ட தேதியிலோ அதற்கு முன்போ பணம் தர வேண்டும் என்றும், அந்தக் கெடு சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. எழுத்துமூல ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். தவறினால், அடுத்த பிரிவின்படி, ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதாந்தரக் கூட்டு முறையில் தர வேண்டும். ஆகவே டி-யில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் 15, 30, 45 என்று அவரவர் ஒப்பந்தத்திற்கேற்ற எண்ணை இடுங்கள். அந்த எண்ணைச் சூத்திரத்துக்குள் புதைத்துவிட்டால், பின்னர் ஒரு பார்ட்டிக்கு மட்டும் கெடு மாறும்போது எங்கே திருத்துவது என்று தேட நேரிடும்.

ஈ2 செல்லில் இடவேண்டிய சூத்திரம்:

=இஃப்(சி2="","",சி2+டி2)

2025 பிப்ரவரி 28 அன்று ஏற்ற சரக்குக்கு 45 நாள் கெடு என்றால் விடை 2025 ஏப்ரல் 14. பார்ட்டியோடு நாட்களில் பேசாமல் மாதங்களில் பேசியிருந்தால் கூட்டலுக்குப் பதிலாக =ஈடேட்(சி2,3) என்று இடுங்கள். ஜூன் 30 அன்று ஏற்ற சரக்குக்கு 'மூன்று மாதம்' என்றால் செப்டம்பர் 30. '90 நாள்' என்றால் செப்டம்பர் 28. இந்த இரண்டு நாள் வித்தியாசத்திற்காகப் பார்ட்டியோடு மனத்தாங்கல் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: தேதி தேதிதானா என்று சோதித்தல்

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். கணக்கு மென்பொருள் ஒன்றிலிருந்து இறக்கிய பட்டியலில் கெடு தேதிகள் ஏற்கெனவே இருந்தன. கெடு கடந்தவை சிவப்பாக வேண்டும் என்று விதி அமைத்தேன், ஒன்றிரண்டு சிவந்தன, மிச்சம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகக் கோப்பை மூடிவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு சாயப்பட்டறைக்காரர் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் திரும்பப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த பல செல்களில் இருந்தது தேதியைப் போலத் தோன்றும் வெறும் எழுத்து.

எக்செலில் எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது. எனவே எழுத்தாகக் கிடக்கும் தேதி எவ்வளவு பழையதாக இருந்தாலும், அது 'இன்றைவிடச் சிறியதா' என்று கேட்டால் விடை 'இல்லை' என்றே வரும். சூத்திரத்தில் பிழை ஏதும் தோன்றாது. செல் என்றைக்கும் சிவக்காது.

இத்தகைய எழுத்துத் தேதிகள் எப்படி உருவாகின்றன? கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. நம்மூர் வழக்கப்படி 05/03/2025 என்று வந்த மார்ச் 5ஆம் தேதியை அது மே 3 என்று எடுத்துக்கொள்கிறது. 28/02/2025 என்று வந்தால் 28ஆம் மாதம் இல்லாததால் அதை எழுத்தாகவே விட்டுவிடுகிறது. ஒரு மாதத்துப் பில்களை மொத்தமாக ஒட்டினால், முதல் 12 நாட்களின் தேதிகள் தலைகீழாக மாறியும், 13 முதல் உள்ளவை எழுத்தாகவும் வந்து நிற்கும். இரண்டில் மோசமானது முந்தையதுதான். எழுத்தாக நிற்பதைக் கண்டுபிடிக்கலாம். புரண்டுபோன தேதி வலப்பக்கம் ஒட்டி, நல்ல தேதியைப் போலவே உட்கார்ந்திருக்கும்.

சோதனைக்கு மூன்று சூத்திரங்கள் போதும். ஒரு காலிச் செல்லில் =கவுன்ட்ஏ(சி2:சி500)-கவுன்ட்(சி2:சி500) என்று இடுங்கள். முதல் சார்பு நிரம்பிய செல்கள் அனைத்தையும், இரண்டாவது எண்கள் உள்ளவற்றை மட்டும் எண்ணும். விடை பூஜ்யமாக இல்லையென்றால் அத்தனை எழுத்துத் தேதிகள் இருக்கின்றன என்று பொருள். அடுத்து =மின்(சி2:சி500), =மேக்ஸ்(சி2:சி500) ஆகிய இரண்டையும் இட்டு, விடைகளைத் தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். இன்னும் வராத மாதத்தில் சரக்கு ஏற்றதாக மேக்ஸ் காட்டினால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. 1930 என்று மின் காட்டினால் யாரோ ஆண்டை இரண்டு இலக்கத்தில் தட்டியிருக்கிறார்கள்: எக்செலின் இயல்பான அமைப்பில் 29 வரை 2000த்தைச் சேரும், 30 முதல் 1900த்தைச் சேரும். ஆண்டை நான்கு இலக்கத்தில் தட்டும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எழுத்தாக நிற்பவை மட்டுமே இருந்தால், அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'டேட்டா' தாவலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' சென்று, மூன்றாம் திரையில் 'டேட்' என்பதற்கு எதிரே 'டிஎம்ஒய்' (நாள், மாதம், ஆண்டு) தேர்ந்து முடித்தால் அவை தேதிகளாகும். புரண்டவையும் எழுத்துகளும் கலந்திருந்தால், மூலக் கோப்பை மறுபடி இறக்கி, தேதி நெடுவரிசை எந்த முறையில் உள்ளது என்பதை இறக்கும்போதே சொல்வதுதான் நல்லது. மூலக் கோப்பு கைவசம் இல்லையென்றால், பக்கத்து நெடுவரிசை ஒன்றில் இதை ஒருமுறை இயக்கலாம்:

=இஃப்(ஈஸ்நம்பர்(சி2),டேட்(இயர்(சி2),டே(சி2),மன்த்(சி2)),டேட்(ரைட்(சி2,4),மிட்(சி2,4,2),லெஃப்ட்(சி2,2)))

எண்ணாக இருப்பதில் நாளையும் மாதத்தையும் இது திருப்பிப் போடுகிறது. எழுத்தாக இருப்பதை 28/02/2025 என்ற பத்து எழுத்து அமைப்பாகக் கொண்டு துண்டாக்கித் தேதியாக்குகிறது. எல்லாத் தேதிகளும் ஒரே ஒட்டலில் வந்தவை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள். நடுவில் கையால் தட்டிய நல்ல தேதிகள் இருந்தால் அவற்றையும் இது புரட்டிவிடும்.

மூன்றாம் படி: ஒப்பிடும் சூத்திரங்கள்

முதலில் ஒரு எச்சரிக்கை. =சி2>01/04/2025 என்று எழுதுபவர்கள் பலர். விரிதாள் அதைத் தேதியாகப் படிப்பதில்லை. 1ஐ 4ஆல் வகுத்து மீண்டும் 2025ஆல் வகுக்கிறது. கிடைப்பது ஏறத்தாழ 0.000123. எந்தத் தேதியும் அதைவிடப் பெரியதுதான் என்பதால் எல்லா வரிசைகளிலும் 'ட்ரூ' என்றே வரும். சூத்திரத்துக்குள் தேதி வேண்டுமானால் =சி2>=டேட்(2025,4,1) என்று எழுதுங்கள்; அல்லது தேதியை ஒரு செல்லில் வைத்து அந்தச் செல்லைச் சுட்டுங்கள்.

அதேபோல், டெக்ஸ்ட் சார்பால் '05-12-2024' என்று அழகுபடுத்திய தேதிகளை ஒப்பிடக் கூடாது. எழுத்தாகப் பார்த்தால் '05-12-2024' என்பது '01-01-2025' என்பதைவிடப் பெரியது, ஏனென்றால் 05 என்பது 01க்குப் பின்னால் வருகிறது.

ஜி2 செல்லில் நிலையைக் காட்டும் சூத்திரம்:

=இஃப்(சி2="","",இஃப்(எஃப்2="",இஃப்(ஈ2<டுடே(),"கெடு கடந்தது","நிலுவை"),இஃப்(இன்ட்(எஃப்2)>ஈ2,"தாமதம்","சரி")))

இதில் டுடே() என்பது இன்றைய தேதியைத் தரும். மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். காலிச் செல்லைப் பூஜ்யமாகக் கொள்வதால், எஃப்2="" என்ற சோதனையை விட்டுவிட்டால், பணமே செலுத்தாத பில் கெடுவுக்கு வெகு முன்பே தீர்ந்ததாக, 'சரி' என்று காட்டப்படும். இரண்டாவது, ஈ2<டுடே() என்பதில் சமக்குறி இல்லை. கெடு நாள் அன்றே பணம் தந்தாலும் அது உரிய நாளில் தந்ததுதான் என்பதால் இன்று கெடு முடியும் பில் 'நிலுவை'யாகவே நிற்க வேண்டும்.

மூன்றாவது இன்ட். வங்கிக் கணக்கு அறிக்கையிலிருந்து ஒட்டிய தேதிகளில் நேரமும் ஒட்டிக்கொண்டு வரும். ஏப்ரல் 14 மாலை 6.20க்குச் செலுத்திய பணம் விரிதாளுக்கு 45761.7639, கெடு தேதியோ 45761. செல்லில் இரண்டுமே '14-04-2025' என்று தெரிந்தாலும், முன்னது பெரியது என்பதால் 'தாமதம்' என்று வந்துவிடும். இன்ட் அந்தப் பின்னத்தை வெட்டி எறிகிறது.

எத்தனை நாள் தாமதம் என்று தெரிய =மேக்ஸ்(0,இஃப்(எஃப்2="",டுடே(),இன்ட்(எஃப்2))-ஈ2) போதும். மொத்தத்தில் எத்தனை பில்கள் கெடு கடந்து நிற்கின்றன என்பதற்கு:

=கவுன்ட்இஃப்ஸ்($எஃப்$2:$எஃப்$500,"",$ஈ$2:$ஈ$500,"<"&டுடே())

மேற்கோள் குறிக்குள் சிறியது என்ற குறி மட்டும் இருக்க வேண்டும்; டுடே வெளியே நின்று '&' குறியால் இணைய வேண்டும். முழுவதையும் மேற்கோளுக்குள் அடைத்தால் விடை பூஜ்யம்தான் வரும், அதைப் பார்த்து நாமும் மகிழ்ந்துவிடுவோம்.

இம்மாதத்துப் பில்களைப் பிரிக்க மன்த்(சி2)=மன்த்(டுடே()) என்று ஒப்பிட்டால் போன ஆண்டின் இதே மாதத்துப் பில்களும் சேர்ந்து வரும். ஈஓமன்த்(சி2,0)=ஈஓமன்த்(டுடே(),0) என்று மாதத்தின் கடைசி நாளை ஒப்பிட்டால் ஆண்டும் சேர்ந்தே சரிபார்க்கப்படும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஒரு பில் எந்த நிதியாண்டைச் சேர்ந்தது என்பதற்கு =இயர்(சி2)-(மன்த்(சி2)<4) என்று இட்டால் அந்த நிதியாண்டின் தொடக்க ஆண்டு கிடைக்கும்.

விடுமுறையில் விழும் கெடு

மேலே கண்ட 2025 ஏப்ரல் 14 திங்கட்கிழமை, தமிழ்ப் புத்தாண்டு. அதற்கு முந்தைய நாள் ஞாயிறு, அதற்கும் முந்தைய நாள் வங்கிகள் இயங்காத இரண்டாம் சனி. நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகிறது என்பதால் இணையவழியில் அனுப்புபவருக்கு இது பொருட்டில்லை. காசோலை கொடுப்பவரோ வெள்ளிக்கிழமையே வேலையை முடித்தாக வேண்டும். அந்தக் கடைசி வேலை நாளைக் கண்டறிய:

=ஒர்க்டே.இன்டல்(ஈ2+1,-1,11,விடுமுறை!$ஏ$2:$ஏ$60)

கெடுவுக்கு மறுநாளில் நின்றுகொண்டு ஒரு வேலை நாள் பின்னோக்கி நடப்பதுதான் இதன் உத்தி. கெடு நாளே வேலை நாளாக இருந்தால் அதுவே விடையாகும். 11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறியீடு. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளுக்குத் தனிக் குறியீடு கிடையாது. 'விடுமுறை' என்ற தாளில் பண்டிகை நாட்களோடு அந்தச் சனிக்கிழமைகளையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நான்காம் படி: நிபந்தனைப்படி வண்ணமிடல்

எக்செலில் ஏ2 முதல் ஜி500 வரை, ஏ2விலிருந்து தொடங்கி இழுத்துத் தேர்ந்தெடுங்கள். 'ஹோம்' தாவலில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', 'நியூ ரூல்' என்று சென்று, சூத்திரத்தைக் கொண்டு செல்களைத் தீர்மானிக்கும் கடைசி வகையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே 'இந்த வாரம்', 'சென்ற மாதம்' போன்ற ஆயத்த விதிகளும் உண்டு. அவை அந்தந்தச் செல்லை மட்டும் வண்ணமிடும், முழு வரிசையையும் வண்ணமிடா. நான் அவற்றைத் தொடுவதில்லை.

இந்த நான்கு விதிகளை மேலிருந்து கீழாக இதே வரிசையில் அமையுங்கள்.

ஊதா, தேதியாக இல்லாதது: =ஆண்ட்($சி2<>"",நாட்(ஈஸ்நம்பர்($சி2)))

சிவப்பு, கெடு கடந்தது: =ஆண்ட்($சி2<>"",$எஃப்2="",$ஈ2<டுடே())

மஞ்சள், ஏழு நாட்களுக்குள் கெடு: =ஆண்ட்($சி2<>"",$எஃப்2="",$ஈ2>=டுடே(),$ஈ2<=டுடே()+7)

சாம்பல், தாமதமாகத் தீர்ந்தது: =ஆண்ட்($எஃப்2<>"",இன்ட்($எஃப்2)>$ஈ2)

ஊதாவை முதலில் வைத்து அதற்கு 'ஸ்டாப் இஃப் ட்ரூ' குறியிடுங்கள். வண்ணமிடும் சூத்திரத்தில் '#வேல்யூ!' போன்ற பிழை நேர்ந்தால் எக்செல் அதை 'பொருந்தவில்லை' என்று எடுத்துக்கொண்டு செல்லை வெள்ளையாகவே விட்டுவிடும். இந்த ஊதா விதி இருந்திருந்தால் அந்தச் சாயப்பட்டறைக்காரர் என்னை அழைக்க வேண்டியிருந்திருக்காது.

டாலர் குறி நெடுவரிசை எழுத்துக்கு முன் மட்டும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், ஏ நெடுவரிசையில் ஈ-யைப் பார்க்கும் விதி பி நெடுவரிசையில் எஃப்-ஐப் பார்க்கும். வண்ணம் கட்டம் கட்டமாகச் சிதறும். எண்ணுக்கு முன்னும் டாலரை இட்டுவிட்டால் எல்லா வரிசைகளும் 2ஆம் வரிசையையே பார்த்து, ஒன்றாகச் சிவக்கும் அல்லது ஒன்றாக வெளுக்கும். சூத்திரத்தில் உள்ள வரிசை எண், தேர்ந்தெடுத்த பகுதியின் முதல் வரிசையாகவும் இருக்க வேண்டும். தலைப்போடு சேர்த்து 1ஆம் வரிசையிலிருந்து தேர்ந்தெடுத்துவிட்டு சூத்திரத்தில் 2 என்று எழுதினால், ஒவ்வொரு பில்லும் தனக்குக் கீழே உள்ள பில்லின் நிறத்தைப் பூசிக்கொள்ளும்.

கூகுள் ஷீட்ஸில் 'ஃபார்மேட்' பட்டியலில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' சென்று 'கஸ்டம் ஃபார்முலா இஸ்' என்பதில் இதே சூத்திரங்களை இடலாம். கால்க்கில் 'ஃபார்முலா இஸ்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும் என்பதால் வரிசை முக்கியம்.

ஐந்தாம் படி: பராமரிப்பும் சோதனையும்

சி, எஃப் நெடுவரிசைகளுக்கு 'டேட்டா வேலிடேஷன்' மூலம் தேதி மட்டுமே ஏற்கும்படி, டேட்(2020,4,1) முதல் டுடே() வரை என்று எல்லை இட்டுவிடுங்கள். இது கையால் தட்டுவதை மட்டுமே தடுக்கும், ஒட்டுவதைத் தடுக்காது. வேறு தாளிலிருந்து ஒட்டும்போது மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். இல்லையென்றால் வண்ண விதிகள் துண்டு துண்டாகப் பிரிந்து, சில மாதங்களில் 'மேனேஜ் ரூல்ஸ்' திரையில் ஒரே விதி முப்பது இடங்களில் கிடக்கும்.

பணம் செலுத்திய தேதியைப் பதிய டுடே() சார்பை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் அது மாறிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் அன்றைய தேதி மாறாமல் பதியும். டுடே() கணினியின் கடிகாரத்தை நம்பியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போன பழைய கணினியில் இணையமும் இல்லையென்றால், பல ஆண்டுகள் பின்தங்கிய தேதியை 'இன்று' என்று அது காட்டும், ஒரு பில்கூடக் கெடு கடந்திருக்காது.

கடைசியாக, உண்மைப் பில்களைத் தொடுவதற்கு முன் ஐந்து பொய் வரிசைகளைச் சேர்த்துப் பாருங்கள். டி-யில் 45 வைத்து, சி-யில் =டுடே()-46, =டுடே()-45, =டுடே()-38, =டுடே()-37 என்று நான்கும், ஐந்தாவதில் ஒற்றை மேற்கோள் குறியோடு தொடங்கி '28/02/2025 என்று எழுத்தாகவும் தட்டுங்கள் (வேலிடேஷன் தடுத்தால், அதை வேறொரு காலிச் செல்லில் தட்டி இங்கே ஒட்டுங்கள்). முதலாவது சிவப்பாக வேண்டும்; இன்று கெடு முடியும் இரண்டாவதும், சரியாக ஏழு நாள் மிச்சமுள்ள மூன்றாவதும் மஞ்சளாக வேண்டும்; நான்காவது வெள்ளையாகவே இருக்க வேண்டும்; ஐந்தாவது ஊதா. பிறகு முதல் வரிசையின் எஃப்-இல் இன்றைய தேதியை இடுங்கள். சிவப்பு போய்ச் சாம்பல் வர வேண்டும். ஐந்தும் சொன்னபடி நடந்தால் அந்த வரிசைகளை அழித்துவிட்டுப் பில்களை ஏற்றத் தொடங்கலாம்.